டிவி திரையில் ஓர் ஓவியம்

நம் வீட்டுக் கூடத்துச் சுவரில் இன்று இருப்பதிலேயே பெரிய சட்டம் டிவிதான். யாரும் பார்க்காத நேரத்தில் அதில் ஓர் ஓவியத்தை வைக்கும் பழக்கம் பரவி வருகிறது. இதற்கென்றே 2017-இல் சாம்சங் நிறுவனம் 'தி ஃபிரேம்' என்ற டிவியைக் கொண்டுவந்தது. அதுதான் வேண்டும் என்றில்லை. பென்டிரைவில் இருக்கும் படத்தைக் காட்டும் எந்த டிவியும் போதும்.

பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். அதனால் புது டிவி வாங்கும் உறவுக்காரப் பிள்ளைகள், "மாமா, என்ன படம் போடலாம்?" என்று கேட்பார்கள். முதலில் படத்தின் அகலத்தையும் உயரத்தையும் பாருங்கள் என்பேன்.

டிவி திரை 16-க்கு 9 என்ற கணக்கில் அகன்றது. ஓவியர்கள் அந்தக் கணக்கில் வரைந்தவர்கள் இல்லை. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் வெர்மீரின் 'பால்காரி' ஓவியம் 45.5 செ.மீ. உயரம், 41 செ.மீ. அகலம். திரை முழுக்க வரவேண்டும் என்று பெரிதாக்கினால் பாதி ஓவியம் போய்விடும். அவள் தலைக்கு மேல் இருக்கும் வெறும் சுவரும், கீழே தரையில் இருக்கும் கணப்புப் பெட்டியும் வெட்டுப்படும். அந்த வெறும் சுவர்தான் பால் ஊற்றும் அவள் கைக்கு அத்தனை அமைதியைத் தருகிறது. எந்த இடத்தில் படம் முடியவேண்டும் என்பது ஓவியர் எடுத்த முடிவு. அதில் கைவைக்க நமக்கு உரிமையில்லை.

ஆகவே அகன்ற ஓவியங்களாகத் தேடுங்கள். வான்கோ 1890-இல் வரைந்த 'காகங்கள் பறக்கும் கோதுமை வயல்' உயரத்தைப்போல் இருமடங்கு அகலம். மேலும் கீழும் கொஞ்சம் கறுப்பு விட்டால் முழுதாக அமைந்துவிடும். புரூகல் 1565-இல் தீட்டிய 'அறுவடை செய்வோர்' அவ்வளவு அகலமில்லை. அதற்கு இரு பக்கமும் கறுப்பு விடுங்கள். எங்கள் வீட்டில் அது இருந்தபோது வயல்வேலை தெரிந்த என் அம்மா, மரத்தடியில் சாப்பிடுகிறவர்களையும் கால்பரப்பித் தூங்குகிறவனையும் காட்டி, "அறுப்புன்னா எங்கேயும் இதே கதைதான்" என்றார்.

தஞ்சாவூர் ஓவியத்தை மட்டும் திரையில் வைக்கவேண்டாம் என்பேன். அதன் தங்கத் தகடு, நாம் நகர நகர ஒளி மாறி மின்னுவது. திரையில் அது வெறும் மஞ்சளாக நின்றுவிடும்.

அடுத்தது வெளிச்சம். சுவரில் மாட்டிய ஓவியம் அறையின் ஒளியை வாங்கித் தருகிறது. டிவியோ தானே ஒளிர்கிறது. பிக்சர் செட்டிங்கில் 'மூவி' முறைக்கு மாற்றி, பேக்லைட்டை நன்றாகக் குறையுங்கள். நிறத்தை 'வார்ம்' பக்கம் நகர்த்துங்கள். ஷார்ப்னெஸையும் குறைத்தால் தூரிகைத் தடம் இயல்பாகத் தெரியும். பக்கத்துச் சுவரைவிடப் படம் பளிச்சென்று இருந்தால் இன்னும் குறைக்கவேண்டும் என்று பொருள்.

வாட்ஸ்அப்பில் வந்த படம் உதவாது. அனுப்பும்போதே நுணுக்கம் சுருங்கிவிடும். 4கே திரைக்குப் படம் 3840 பிக்சல் அகலமாவது இருப்பது நல்லது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இல் தன் லட்சக்கணக்கான படங்களை யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. புரூகலின் அறுவடை அங்கேதான் கிடைக்கும். 'பால்காரி'யை ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஓஎல்இடி திரையில் ஒரே படம் மணிக்கணக்கில் நின்றால் தடம் பதியக்கூடும், மின்சாரமும் செலவாகும். கூடத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் போடுங்கள். நிமிடத்துக்கொரு படம் மாறும்படி வைக்கவேண்டாம். மாறுகிற படத்தில் கண் தங்காது. வாரத்துக்கு ஓர் ஓவியம் போதும். வரைந்தவர் பெயரையும் ஆண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். அடுத்த வார ஓவியத்தை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.