முடிவில்லா நரகமும் கடவுளின் நீதியும்: காசியில் எழுந்த ஒரு விவாதம்

ஒரு மனுஷன் அறுபது, எழுபது வருஷம் வாழ்கிறான். அதில் அவன் செய்யும் பாவத்துக்கும் ஓர் அளவு உண்டு. அந்த அளவான பாவத்துக்கு அளவே இல்லாத தண்டனை என்றால் அது எந்த ஊர் நியாயம்? கிறிஸ்தவ சமயம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம்மவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிற அன்பர்கள்கூடத் தனியாக உட்கார்ந்து பேசும்போது, "அது மட்டும் எனக்கும் இடிக்கத்தான் செய்கிறது" என்பார்கள். கேள்வி புதிது அல்ல. நம் நாட்டில் இதைச் சாஸ்திர முறையில், அதுவும் சம்ஸ்கிருதத்திலேயே எழுதி வாதாடியிருக்கிறார்கள். அந்தக் கதை தமிழில் அதிகம் பேசப்படாததால் இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஜான் மியூர் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியில் சிவில் உத்தியோகம். சம்ஸ்கிருதத்தில் நல்ல தேர்ச்சி. 1839ல் 'மதபரீக்ஷா' என்ற நூலை சம்ஸ்கிருதச் செய்யுளில், குருவும் சீடனும் உரையாடுவதாக எழுதி வெளியிட்டார். மதங்களைப் பரீட்சை வைத்துப் பார்த்தால் கிறிஸ்தவம்தான் தேறும் என்பது நூலின் முடிவு. பண்டிதர்களின் மொழியிலேயே போய்ப் பேச வேண்டும் என்று அவர் நினைத்தார் பாருங்கள், அது ஒரு மரியாதைதான். பண்டிதர்களும் சும்மா இருக்கவில்லை. சோமநாதர் என்ற புனைபெயரில் சுபாஜி பாபு என்ற மராட்டிய ஜோதிட பண்டிதர் ஒரு பதில் எழுதினார். கடவுள் அவரவர் தகுதிக்கு ஏற்ப வெவ்வேறு மதங்களைக் கொடுத்திருக்கிறார், சண்டை எதற்கு என்பது அவர் தொனி. வங்காளத்து ஹரசந்திர தர்க்கபஞ்சானனர் 1840ல் காரசாரமாக இன்னொன்று எழுதினார். மூன்றாவதாக வந்ததுதான் நமக்கு முக்கியம். காசியில் வளர்ந்த நீலகண்ட கோரே என்ற சித்பாவன பிராமண இளைஞர், சுமார் இருபது வயதில், 1844-45ல் 'சாஸ்திர தத்துவ விநிர்ணயம்' என்ற நூலை இயற்றினார்.

கோரேயின் ஆட்சேபத்தின் மையம் கடவுளின் நீதி. ஒரு குழந்தை பிறவியிலேயே குருடாகப் பிறக்கிறது. மிருகங்கள் வாயில்லாமல் வதைபடுகின்றன. முற்பிறவி இல்லை என்றால் இந்தத் துன்பத்துக்குக் காரணம் யார்? படைத்தவனைத் தவிர வேறு யாரைக் கைகாட்ட முடியும்? நம் சாஸ்திரம் இந்தச் சிக்கலைப் பிரம்ம சூத்திர காலத்திலேயே பார்த்துவிட்டது. கடவுளுக்குப் பாரபட்சமும் கொடூரமும் உண்டோ என்ற சந்தேகத்தை இரண்டாம் அத்தியாயத்தில் எழுப்பி, இல்லை, அவர் உயிர்களின் கர்மத்தை அனுசரித்தே படைக்கிறார் என்று பதில் சொல்கிறது. முதல் கர்மம் எங்கிருந்து வந்தது என்றால், சம்சாரத்துக்குத் தொடக்கமே இல்லை என்கிறது. இதை வைத்துக்கொண்டு கோரே கேட்கிறார்: நற்செய்தியைக் காதால் கேட்டே இராதவன் கதி என்ன? நரகத்துக்குத்தான் போவான் என்று முன்கூட்டியே தெரிந்தும் ஒருவனைப் படைப்பவனை எப்படி தயாளன் என்பது? நம் நரகத்துக்கும் எரியும் நெருப்பு உண்டு, எண்ணெய்க் கொப்பரை உண்டு. ஆனால் கணக்குத் தீர்ந்ததும் வெளியே விட்டுவிடுவார்கள். உங்கள் நரகத்துக்குக் கதவே இல்லையே?

கிறிஸ்தவ தரப்பில் இதற்கு என்ன பதில் என்பதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். இயேசு பயன்படுத்திய 'கெஹென்னா' என்ற சொல், எருசலேமுக்கு அருகில் இருந்த இன்னோம் பள்ளத்தாக்கைக் குறிப்பது. பழங்காலத்தில் பிள்ளைகளை நெருப்பில் பலியிட்ட கெட்ட பெயர் அந்த இடத்துக்கு உண்டு. அடுத்த சொல் 'ஐயோனியோஸ்' என்ற கிரேக்கப் பெயரடை. யுகம் என்று பொருள்படும் 'ஐயோன்' என்பதிலிருந்து பிறந்தது. தமிழ் விவிலியத்தில் 'நித்திய' என்று வருவது இதுதான். இது முடிவே இல்லாததா, வரப்போகும் யுகத்துக்கு உரியது என்று மட்டும் பொருளா என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை. அலெக்சாந்திரியாவின் ஓரிஜன் மூன்றாம் நூற்றாண்டில், தண்டனை ஒரு மருத்துவம், கடைசியில் எல்லா உயிரும் கடவுளிடம் திரும்பும் என்ற வகையில் எழுதினார். 543ல் பேரரசர் ஜஸ்டினியன் அவர் கொள்கைகளைக் கண்டித்து ஆணை போட்டார். அதே நம்பிக்கையைச் சொன்ன நீசாவின் கிரகோரியார் மட்டும் புனிதராகவே இருக்கிறார்! இது திருச்சபை வரலாற்றின் ஒரு வேடிக்கை.

மேற்கில் நிலைத்தது அகுஸ்தீனாரின் கட்சி. 'கடவுளின் நகரம்' நூலின் 21ஆம் பகுதி முழுக்க இதே பேச்சுதான். அவர் வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. குற்றம் செய்ய எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்தா தண்டனையின் காலத்தை அளக்கிறோம் என்று கேட்கிறார். கொலைக்கு ஒரு நிமிஷம் போதும். தண்டனை அப்படியா? மேலும் மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் நித்திய ஜீவனும் நித்திய ஆக்கினையும் ஒரே வசனத்தில் வருகின்றன. ஒன்றுக்கு முடிவு உண்டு என்றால் மற்றதற்கும் உண்டு என்று ஆகும் அல்லவா? பிற்காலத்தார், அளவற்ற மகிமை உடையவருக்கு எதிரான குற்றம் அளவற்ற குற்றம் என்றும் சேர்த்தார்கள். இந்தக் கடைசி வாதம் எனக்கு ஒப்பவில்லை. எதிராளியின் பெருமையை வைத்துக் குற்றத்தை அளப்பது மன்னராட்சிக் கணக்கு. அகுஸ்தீனாரின் முதல் வாதத்துக்கும், கொலைகாரனுக்குக்கூட எந்த நல்ல அரசனும் முடிவில்லாமல் வதை கொடுப்பதில்லையே என்று பதில் சொல்லலாம்.

வாதங்களைவிட முன்னோர் பற்றிய கேள்விதான் ஆழமாகக் குத்துகிறது. நம் முத்துக்குளித்துறையில் 1542 முதல் உழைத்த பிரான்சிஸ் சவேரியார், 1549ல் ஜப்பான் போனார். திரும்பி வந்து 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், ஞானஸ்நானம் பெற்ற ஜப்பானியர், செத்துப்போன தாய் தகப்பனை நரகத்திலிருந்து மீட்க வழி உண்டா என்று கேட்டதையும், இல்லை என்றதும் அழுததையும் குறிப்பிடுகிறார். அவர்கள் அழுதது தனக்கும் வேதனையாக இருந்தது என்று அவரே எழுதுகிறார். திதி, தர்ப்பணம் என்று வளர்ந்த நமக்கு அந்த அழுகை புரியாமல் போகாது.

இனி கோரேக்கு வருவோம். மறுப்பு எழுதப் புறப்பட்ட இந்த இளைஞர், காசியில் வில்லியம் ஸ்மித் என்ற பாதிரியாரிடம் வாதாடப் போய்ப் போய், விவிலியத்தை ஊன்றிப் படித்து, 1848ல் ஜான்பூரில் ஞானஸ்நானம் பெற்றார். நெகேமியா என்று பெயர். குடும்பத்தில் பெரிய ரகளை. பிறகு ஆறு தரிசனங்களையும் மறுத்து இந்தியில் எழுதிய அவரது நூல் 1862ல் ஆங்கிலத்தில் வந்தது. கர்மக் கொள்கைக்குக் கிறிஸ்தவர்கள் சொல்லும் பதிலும் லேசானது அல்ல. எந்தக் குற்றத்துக்காக அடிக்கிறார்கள் என்று நினைவே இல்லாதவனை அடித்தால் அவன் எப்படித் திருந்துவான்? தொடக்கமே இல்லை என்பது விடையா, அல்லது கேள்வியைத் தள்ளிப்போடுவதா?

மதம் மாறியும் கோரேயின் மனம் அமைதி அடையவில்லை. சந்தேகங்கள் அவரைக் கடைசிவரை விடவில்லை. அவற்றில் பெரியது, இருபது வயதில் அவரே எழுப்பிய அந்த நித்திய தண்டனைதான்! 1860களில் கல்கத்தாவில், அந்தக் கோட்பாட்டுக்கு எதிரான ஆட்சேபங்களுக்குப் பதிலாக ஒரு சிறு நூலே எழுதினார். தனக்குத்தானே எழுதிக்கொண்ட பதிலோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பண்டித ரமாபாய் 1883ல் கிறிஸ்தவரானதில் இவருடைய எழுத்துக்குப் பங்கு உண்டு. 1895ல் பம்பாயில் காலமானார்.

மியூரோ எதிர்த்திசையில் நகர்ந்தார். ஐந்து பாகங்களில் மூல சம்ஸ்கிருத நூல்களைத் தொகுத்தார். 1862ல் எடின்பரோவில் சம்ஸ்கிருதப் பேராசிரியர் பதவிக்கு நிதி தந்தார். சமயக் கருத்தில் தாராளப்போக்கினராக ஆனார். அந்தக் காலத்தில் இங்கிலாந்திலேயே இந்த நரகம் கோர்ட்டு ஏறியது. எச். பி. வில்சன் என்ற குருவானவர், 1860ல் வந்த ஒரு கட்டுரைத் தொகுப்பில், கடைசியில் எல்லாரும் கடவுளின் மடியில் சேரலாம் என்ற நம்பிக்கையைத் தெரிவித்தார். திருச்சபை நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. மேல்முறையீட்டில் பிரிவி கவுன்சில் 1864ல், அப்படி நம்புவது சட்டப்படி குற்றம் ஆகாது என்றது. கொதித்துப்போய் ஏறக்குறைய 11,000 குருமார்கள் நித்திய தண்டனையை வலியுறுத்தும் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள்.

இன்று நிலைமை கலவையாக இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை நரகம் நித்தியமானது என்பதைக் கைவிடவில்லை. 1992ன் மறைக்கல்வி நூலும் அதையே சொல்கிறது. ஆனால் தன் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல் போனவர், மனச்சாட்சிப்படி கடவுளைத் தேடினால் மீட்பு பெறலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ல் அறிவித்துவிட்டது. சவேரியாரிடம் அழுத ஜப்பானியருக்கு நானூறு வருஷம் கழித்துக் கிடைத்த பதில் என்று இதைச் சொல்லலாம். நரகம் ஓர் இடம் என்பதைவிட, கடவுளை விட்டுத் தானே விலகிக்கொண்டவனின் நிலை என்று இரண்டாம் ஜான் பால் 1999ல் விளக்கினார். இங்கிலாந்துத் திருச்சபையின் கோட்பாட்டுக் குழு 1995ல், நித்திய வதை என்பதை விட்டு, இல்லாமல் அழிந்துபோவது என்ற பொருளுக்கே நெருங்கி வந்தது. இவற்றை எல்லாம் ஏற்காமல் பழைய போதனையை அப்படியே பிடித்திருக்கும் சபைகளும் ஏராளம்.

ஒரு விஷயம் பாக்கி. முடிவில்லா நரகம் நம் பக்கத்தில் கிடையவே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கன்னட தேசத்தில் உடுப்பியில் மடம் கண்ட மத்வாசாரியார், உயிர்களில் சிலவற்றுக்கு இயல்பிலேயே முக்தி இல்லை, அவை அந்ததமஸ் என்ற இருளில் என்றென்றும் கிடக்கும் என்று போதித்தார். அந்த உயிர்களின் இயல்பு அப்படி, கடவுள் அதை உண்டாக்கவில்லை என்பது மாத்வர்களின் சமாதானம். அங்கேயும் இதே கேள்வியை மற்ற வேதாந்திகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.