வராமலே போன சார்ஜர்

இரவில் வயர்லெஸ் சார்ஜர் பலகையின் மேல் போனை வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் எடுத்தால் உள்ளங்கையில் சூடு தெரிகிறது; சார்ஜோ பாதிகூட ஏறவில்லை. போன் நடுவிலிருந்து ஒரு விரல் அகலம் விலகியிருந்தது, அவ்வளவுதான். இந்த ஒரு விரல் விலகலை வெல்ல முயன்றுதான் ஆப்பிள் போன்ற பெரிய நிறுவனமே ஊரறியத் தோற்றது.

2017 செப்டம்பர் 12 அன்று, கலிஃபோர்னியாவின் குப்பர்டினோவில் ஐபோன் எக்ஸ் அறிமுகமான அதே மேடையில் ‘ஏர்பவர்’ என்றொரு வெள்ளைப் பலகையையும் காட்டினார்கள். போன், கைக்கடிகாரம், காதுக்கருவிப் பெட்டி மூன்றையும் அதன் மேல் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், சார்ஜ் ஏறும். அடுத்த ஆண்டு வரும் என்றார்கள். மேடையில் காட்டியதைக் கடைக்குக் கொண்டுவரும் நிறுவனம் என்ற பெயர் ஆப்பிளுக்கு இருந்ததால் மக்கள் நம்பினார்கள். வேறு சார்ஜர் வாங்காமல் காத்திருந்தவர்களும் உண்டு. மின்னியல் அறிந்தவர்கள் சிலருக்கு மட்டும் ‘எங்கே வேண்டுமானாலும்’ என்ற சொல் உறுத்தியது.

அந்தச் சந்தேகத்துக்கு அடிப்படை, 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல். பலகைக்குள் ஒரு செம்புக் கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் ஓடும் மின்சாரம் நொடிக்கு லட்சம் முறைக்கு மேல் திசை மாறுகிறது. கூடவே காந்தப்புலமும் மாறிக்கொண்டே இருக்க, போனின் முதுகுப்புறத்தில் உள்ள இன்னொரு சுருளில் மின்சாரம் பிறக்கிறது. இரண்டு சுருளும் நேருக்கு நேர் இருந்தால் நல்லது. விலகினால் காந்தப்புலத்தின் ஒரு பகுதி போனின் சுருளில் சேராமல் அக்கம்பக்கத்து உலோகத்தில் சுழல்மின்னோட்டங்களைக் கிளப்பிவிடுகிறது. அது முழுக்க வெப்பம். லித்தியம் அயனி பேட்டரிக்கு வெப்பம் ஆகாது, சீக்கிரம் மூப்படையும். அதனால் சூடு எல்லை தாண்டினால் போனே சார்ஜ் ஏற்றுவதைக் குறைத்துக்கொள்கிறது. அன்று இரவு என் போனில் பாதிகூட ஏறாமல் போனதற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

எங்கே வைத்தாலும் ஏற வேண்டுமென்றால் பலகை முழுக்கப் பல சுருள்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறியிருக்கும்படி அடுக்க வேண்டும். அப்போது ஒரு சுருளின் புலம் பக்கத்துச் சுருளோடு சிக்கிக்கொள்ளும். எந்தக் கருவி எந்தச் சுருளின் மேல் இருக்கிறது என்று ஓயாமல் கண்டுபிடிக்க வேண்டும். பலகையின் மேல் கிடக்கும் சாவியோ நாணயமோ சூடேறிவிடவும் கூடாது. போதாததற்கு, போன்கள் ‘சீ’ (Qi) என்ற பொதுத்தரத்தில் இயங்க, கைக்கடிகாரத்துக்கு ஆப்பிள் தனி முறை வைத்திருந்தது.

2018 முடிந்தது, பலகை வரவில்லை. 2019 மார்ச்சில் புதிய ஏர்பாட்ஸ் காதுக்கருவி வந்தபோது, அதோடு வந்த அச்சுக் குறிப்பில் ஏர்பவரின் படம் இருந்தது. சில நாட்களிலேயே, மார்ச் 29 அன்று, திட்டத்தைக் கைவிட்டதாக அறிவித்தார்கள். வன்பொருள் பிரிவின் தலைவர் டான் ரிச்சியோ, இது தங்கள் தரத்தை எட்டாது என்று சொல்லி, காத்திருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். தொழில்நுட்பக் காரணத்தை விரித்துச் சொல்லவில்லை.

கைவிட்டது சரியான முடிவு. தலைமாட்டில் இரவெல்லாம் இருக்கும் பொருள் சூடாகலாமா? ஆனால், செய்து முடிக்க முடியுமா என்று தெளிவதற்கு முன்பே மேடையேற்றியதையும், பிறகு பதினெட்டு மாதம் வாய் திறக்காமல் இருந்ததையும் என்னால் ஏற்க முடியவில்லை.

போன் விலகும் சிக்கலுக்குப் பின்னாளில் ஒரு வழி கிடைத்தது. 2020-இல் ஐபோன் 12 வந்தபோது, சுருளைச் சுற்றி வளையமாகக் காந்தங்களைப் பதித்தார்கள். வைத்தவுடன் ‘டக்’கென்று தானே சரியான இடத்தில் ஒட்டிக்கொள்ளும். எங்கே வேண்டுமானாலும் வைக்கும் ஆசையை விட்டுவிட்டு, சரியான இடத்துக்கே இழுத்துவரும் வழி அது. அதே காந்த வளையம் இப்போது ‘சீ2’ என்ற பெயரில் மற்ற நிறுவனங்களுக்கும் பொதுத்தரமாகிவிட்டது.

ஏர்பவரை அறிவித்த அன்று அதன் விலையைச் சொல்லவில்லை, நாளும் சொல்லவில்லை. அடுத்த முறை மேடையில் ஏதாவது மின்னும்போது ஆசைப்படுங்கள், தவறில்லை. விலையும் தேதியும் தெரிந்து, வெளியாள் ஒருவர் கையில் வைத்துப் பார்த்துச் சொல்லும்வரை மட்டும் பணத்தை எடுக்காதீர்கள்.