யாரிடம் பாடம்?

தூர தேசத்துப் பாடசாலைகள் – 9

சென்ற வாரம் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரத்துத் தாமஸ் தேவாலயத்தில், இசையமைப்பாளர் பாக்கின் கல்லறை அருகே நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து கால் மணி நேரம் நடந்தால் கிராஸி தெரு. எட்டாம் எண் கட்டடத்தின் ஜன்னல்களிலிருந்து பியானோவும் கிளாரினெட்டும் யாரோ ஒருவரின் குரல் பயிற்சியும் ஒன்றாகக் கலந்து தெருவில் விழும். மெண்டல்ஸோன் 1843-இல் தொடங்கிய இசைக் கல்லூரி இது. இந்தக் கட்டடத்துக்கு வந்தது 1887-இல்.

உள்ளே புதிதாக அறிமுகமாகும் இரண்டு மாணவர்கள், பெயருக்கு அடுத்தபடியாகக் கேட்டுக்கொள்வது "யாரிடம் படிக்கிறாய்?" என்பதைத்தான். நம் சபா வாசலில் "யார்கிட்ட பாடம்?" என்று கேட்பார்களே, அதே கேள்வி. வெளிநாட்டிலிருந்து வரத் துடிக்கும் பிள்ளைகள் பலர் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளாமலே, ஊரையும் கல்லூரியின் பேரையும் பார்த்து விண்ணப்பித்துவிடுகிறார்கள்.

ஜெர்மனியில் அரசு இசைக் கல்லூரிகள் 24 இருக்கின்றன. பெர்லின், மியூனிக், கொலோன் என்று பெரிய ஊர்களிலும் உண்டு. டிராஸிங்கன் போன்ற சிற்றூரிலும் உண்டு. எங்கே சேர்ந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: ஒவ்வொரு பேராசிரியருக்கும் ஒரு 'கிளாஸ்ஸே', அதாவது அவரிடம் பாடம் கேட்கும் மாணவர் கூட்டம். வாரம் ஒரு முறை, ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம், ஆசிரியரும் மாணவரும் மட்டும் ஓர் அறையில். இளங்கலை என்றால் பெரும்பாலும் எட்டு செமஸ்டர். இசைக் கோட்பாடு, செவிப்பயிற்சி, இசை வரலாறு எல்லாம் உண்டு என்றாலும், ஒருவரை உருவாக்குவது அந்த அறைதான்.

ஆசிரியர் பொருந்தாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதே கல்லூரியில் பழைய சாட்சி இருக்கிறது. 1858-இல் நார்வேயின் பெர்கன் நகரத்திலிருந்து 15 வயதுப் பையன் ஒருவன் இங்கே வந்தான். பெயர் எட்வர்ட் கிரீக். பியானோவுக்குக் கிடைத்த ஆசிரியர் லூயி பிளெய்டி. விரல் பயிற்சி, மேலும் விரல் பயிற்சி, பையனுக்கு வெறுத்துப்போயிற்று. வேறு ஆசிரியரிடம் மாற்றிவிடுங்கள் என்று கேட்டு, ஷூமனின் நண்பரான வென்ஸலிடம் போனான். அதே ஊரில் கிளாரா ஷூமன் தம் கணவரின் பியானோ கான்செர்ட்டோவை வாசித்ததையும் கேட்டான். பத்தாண்டுகள் கழித்து, 1868-இல், ஷூமனுடையதைப் போலவே ஏ மைனரில் தன் கான்செர்ட்டோவை எழுதினான். மாற்றிவிடுங்கள் என்று கேட்கும் துணிச்சல் அந்த வயதில் அவனுக்கு இருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

நுழைவுத் தேர்வுக்கு வருவோம். சென்னையில் டிரினிட்டி கல்லூரித் தேர்வில் எட்டாம் கிரேடு தேறிய சான்றிதழைப் பெருமையாகச் சட்டம் போட்டு மாட்டியிருப்போம். இங்கே அதை வைத்து இடம் தரமாட்டார்கள். நேரில் வாசிக்க வேண்டும். வெவ்வேறு காலத்தைச் சேர்ந்த படைப்புகள் சில கேட்பார்கள். மாதக்கணக்கில் உழைத்த ஸொனாட்டாவை மூன்று நிமிடத்தில் "நன்றி, போதும்" என்று நிறுத்திவிடுவார்கள். வெளியே வந்து தாழ்வாரத்தில் அழும் பிள்ளைகள் உண்டு. அழ வேண்டியதில்லை. நடுவில் நிறுத்துவது அங்கே வழக்கம். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார்கள் என்பதே அதன் பொருள்.

மனத்தை வருத்துவது வேறொன்று. தேர்வில் தேறிய பிறகும் இடம் கிடைக்காமல் போகலாம். காரணம், நீங்கள் கேட்ட ஆசிரியரின் கிளாஸ்ஸேயில் அந்த ஆண்டு காலியிடம் இல்லை. இந்த ஒரு விஷயம் தெரியாமல் விமானச் சீட்டு எடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

அடுத்தது மொழி. இசைக்கு மொழி எதற்கு என்று நினைப்பவர்களைச் செவிப்பயிற்சித் தேர்வுக்கு அனுப்ப வேண்டும். ஆசிரியர் பியானோவில் ஒரு சுரத்தை அழுத்துகிறார். ஆங்கில முறையில் படித்த நமக்கு அது 'பி'. அவர்களுக்கு அது 'ஹா'. ஜெர்மன் முறையில் 'பே' என்றால் அதற்கு இடப்பக்கத்துக் கறுப்புக் கட்டை. ஸட்ஜத்தை 'சி'யில் வைத்துக்கொண்டால், காகலி நிஷாதம் கேட்டவருக்குக் கைசிகி நிஷாதத்தைக் கொடுத்த கதைதான். காது சரியாகக் கேட்டும் விடை தப்பாகிவிடும். இந்தப் பெயர்முறையால்தான் பாக் தன் பெயரின் (BACH) நான்கு எழுத்துகளையும் சுரங்களாக்கி, 'ஆர்ட் ஆஃப் ஃபியூக்' நூலின் முடிவுறாத கடைசி ஃபியூகில் வைக்க முடிந்தது. கோட்பாட்டு வகுப்புகள் பெரும்பாலும் ஜெர்மனிலேயே நடக்கும். ஆசிரியர் ஒரு மூச்சையும் ஓர் அழுத்தத்தையும் விளக்கும்போது பாதி புரிந்து தலையாட்டுவது, பாதிப் பாடத்தைக் கைவிடுவதற்குச் சமம்.

லைப்ஸிக்குக்குத் தொலைவிலிருந்து வந்தவர்களை நினைக்காமல் இந்த வாரத்தை முடிக்க முடியாது. ஜப்பானிலிருந்து 1901-இல் வந்த டாகி ரெண்டாரோ காசநோயோடு ஊர் திரும்பி, 1903-இல் 23 வயதில் இறந்தார். சீனாவிலிருந்து வந்த ஷியாவ் யூமெய் இங்கே படித்துத் திரும்பி, 1927-இல் ஷாங்காயில் இசைக் கல்லூரி தொடங்கியவர்களில் ஒருவரானார். வெளியாரால் இந்தக் கல்லூரியின் பேர் உலகம் சுற்றியது. அந்த வெளியாரிடம்தான் இன்று தனிக் கட்டணம் கேட்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் இங்கே செமஸ்டருக்கு 1,800 யூரோ கட்ட வேண்டும். பாடன்-வியூர்ட்டம்பர்க் மாநிலக் கல்லூரிகளில் 2017 முதல் 1,500 யூரோ. இது சரியில்லை என்றே நான் கருதுகிறேன். மற்ற மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் செமஸ்டருக்கான சிறு தொகையோடு முடிந்துவிடும். எங்கே படித்தாலும் விசாவுக்கு, முடக்கக் கணக்கில் ஆண்டுச் செலவுக்கென்று 11,904 யூரோ காட்ட வேண்டும். வீட்டை அடகு வைப்பதற்கு முன் இந்தக் கணக்கைக் குடும்பத்தோடு உட்கார்ந்து போட்டுவிடுங்கள்.

போக முடிவு செய்துவிட்ட பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஜெர்மன் வகுப்பில் இன்றே சேருங்கள். உங்களுக்குப் பிடித்த மூன்று நான்கு ஆசிரியர்களின் வாசிப்பைத் தேடிக் கேளுங்கள். அவர்களுடைய மாணவர்கள் எப்படி வாசிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பிறகு உங்கள் வாசிப்பின் ஒளிப்பதிவோடு ஒரு பக்கத்துக்கு மிகாமல் கடிதம் எழுதுங்கள். அடுத்த ஆண்டு உங்களிடம் இடம் இருக்குமா, தேர்வுக்கு முன் ஒரு முறை உங்களிடம் பாடம் கேட்க வரலாமா என்று நேராகக் கேளுங்கள். கேட்பது அங்கே மரியாதைக் குறைவு இல்லை; வழக்கம்தான். அக்டோபரில் தொடங்கும் படிப்புக்குப் பல கல்லூரிகளில் விண்ணப்பம் வசந்த காலத்திலேயே முடிந்துவிடும் என்பதால், கடிதம் அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே போயிருக்க வேண்டும். பதில் வரவில்லையென்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள்.

(தொடரும்)