கல்லில் மோதிய சக்கரம்

நடைபாதைக்கு வரம்பாகச் சாலையோரத்தில் நாட்டப்பெறும் கல், உயரத்தால் பெரும்பாலும் ஒரு சாணினும் குறைந்தது. அதன்மேல் மோதிய காரின் புறத்தே ஒரு சிறு கீறலன்றி வேறொன்றும் காணப்படாமலும் இருக்கும். ஆகலின் ஓட்டுவோர் இறங்கி நோக்கி, “ஒன்றுமில்லை” எனத் தேறி, மீண்டும் ஏறிச் செல்வர். சின்னாள் கழிந்தபின் ஸ்டியரிங் வளையம் கோணி நிற்கும். வண்டி ஒருபுறமாக இழுக்கும். அப்பொழுது பட்டறைக்குச் சென்று ‘வீல் அலைன்மெண்ட்’ செய்து கொள்வர். கருவியின் திரையில் எண்கள் பச்சை நிறம் காட்டும். நோய் தீர்ந்ததென மகிழ்ந்து திரும்புவர். உண்மையில் அந்நோய் தீர்ந்ததோ, அன்றி மறைந்ததோ என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருளாகும்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், நோய் இன்னதெனத் தெளிதல், அதன் காரணம் தெளிதல், பின்னர்த் தணிக்கும் வழி நாடுதல் என்னும் முறையை வகுத்துள்ளது. உடலுக்கு வகுத்த அம்முறை ஊர்திக்கும் பொருந்தும். வண்டி இழுத்தல் நோயின் குறி; கோணம் மாறுதல் நோய்; ஏதோ ஓர் உறுப்பு வளைந்தமை காரணம். காரணத்தை நாடாது கோணத்தை மட்டும் திருத்துதல், முறிந்த காலைக் கட்டாது நடையை மட்டும் பழக்குதல் போல்வதாம்.

இத்துணைச் சிறிய கல் இத்துணைத் தீங்கு விளைப்பது எங்ஙனம்? காரணம் இரண்டு. முதலாவது, ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கேற்ப வளர்கின்றது. 20 கி.மீ. வேகத்தில் மோதுவதினும் 40 கி.மீ. வேகத்தில் மோதுதல் இருமடங்கு அன்று, நான்மடங்கு ஆற்றலுடையது. இரண்டாவது, சக்கரத்தைத் தாங்கும் வில்லும் ஷாக் அப்சார்பரும் மேலுங் கீழுமாகிய அசைவை ஏற்கவே அமைந்தவை. பள்ளமும் மேடும் அவற்றுக்குப் பழகிய பகை. கல்லோ சக்கரத்தைப் பின்னோக்கியும் பக்கவாட்டிலும் தள்ளுகின்றது. அத்திசைகளில் வளைந்து கொடுக்கச் சிறு ரப்பர்ப் புஷ்களன்றி வேறொன்றும் இல்லாமையால், தாக்கம் முழுவதும் இரும்பு உறுப்புகளின்மேற் செல்கின்றது.

அவ்வுறுப்புகள் யாவை? இக்காலத்துச் சிறு கார்களில் மிகப் பலவற்றின் முன்புறம், எர்ல் மெக்ஃபர்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1940-களில் வகுத்த ‘ஸ்ட்ரட்’ முறையால் அமைந்தது. இதில் வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும். தூணின் அடியில் சக்கரத்தைத் தாங்கும் ‘நக்கிள்’ என்னும் வார்ப்பு இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். நக்கிளின் கீழ்ப்புறத்தை ஒரு பால் ஜாயிண்டால் பற்றி வண்டியின் உடலோடு சேர்ப்பது லோயர் ஆர்ம். ஸ்டியரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்லும் மெல்லிய தண்டு டை ராட். சக்கரம் நேராகப் பின்னோக்கித் தள்ளப்படின் லோயர் ஆர்மும் அதன் புஷ்களும் முதலில் வருந்தும். பக்கவாட்டில் சறுக்கி மோதின் டை ராடும் ஸ்ட்ரட்டும் வருந்தும்.

இனி, இவ்வுறுப்புகள் காத்து நிற்கும் கோணங்களை அறிதல் வேண்டும். வண்டியின் முன்னின்று நோக்குங்கால், சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு ‘கேம்பர்’ எனப்படும். பக்கத்தில் நின்று நோக்குங்கால், சக்கரம் திரும்புதற்கு அச்சாகிய கோடு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு ‘காஸ்டர்’ எனப்படும். திருப்பிய ஸ்டியரிங் தானே நேர்நிலைக்கு மீள்வது பெரிதும் இதனாலேயாம். மேலிருந்து நோக்குங்கால், இரு சக்கரங்களும் தம்முள் இணையாக நில்லாது முன்புறம் குவிந்தோ விரிந்தோ நிற்கும் அளவு ‘டோ’ எனப்படும். இவற்றுள் டயரை விரைவில் அழிப்பது டோவின் பிழையே. ஒரு சக்கரம் தான் செல்லும் திசையினின்று 1 பாகை விலகி நிற்பின், அது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 17 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகின்றது. கண்ணுக்குப் புலனாகாத அக்கோணம் புதிய டயரையும் சில ஆயிரம் கிலோமீட்டரில் வழுக்கையாக்க வல்லது.

கோணங்களை அறிந்தாம். இனி மோதிய வண்டியைச் சோதிக்கும் முறையைக் கூறுவாம். முதற்கண் நோக்கற்பாலது டயர். ஏனெனில், ஏனைய குற்றங்கள் பொறுக்கும். டயரின் குற்றம் பொறாது. இக்காலத்துக் கார் டயர்கள், 1946-இல் பிரெஞ்சு நாட்டு மிஷ்லின் நிறுவனம் காப்புரிமை நாடிய ரேடியல் முறையைச் சார்ந்தவை. இவற்றின் பக்கச்சுவரில் நூலிழைகள் ஒரு விளிம்பினின்று மறு விளிம்புக்கு நேராக ஓடுகின்றன. கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே பக்கச்சுவர் நசுங்கும்பொழுது, ரப்பர் கிழியாமலே உள்ளிழைகள் அறுதல் உண்டு. அறுந்த இடத்தைக் காற்று உந்த, அங்கே ஒரு புடைப்பு எழும். அது மோதிய அன்றே தோன்றாது சில நாட்களுக்குப் பின்னரும் தோன்றலாம். புடைத்த டயரைச் செப்பஞ் செய்தல் இயலாது. மாற்றுதல் ஒன்றே வழி. சாலையில் விரைந்து செல்லும்பொழுது அது வெடிக்குமாயின், வண்டியை நிறுத்தும் வல்லமை ஓட்டுவோர் கையில் இராது. சக்கரத்தின் உட்புறமும் நோக்கல் வேண்டும். வெளிப்புறம் செவ்வனே இருக்க உட்புறம் புடைத்திருத்தல் அரிதன்று.

அடுத்தது ரிம். எஃகு ரிம் வளையும். அலாய் ரிம் வளைவதோடு வெடிப்பும் காணும். டயரின் காற்றை அளந்து வைத்து மறுநாளும் அளந்து பார்க்க. குறைந்திருப்பின், ரிம்மும் டயரும் சேருமிடத்தில் சவர்க்கார நீரைப் பூசுக. குமிழி எழும் இடமே குற்றமுள்ள இடம்.

பின்னர் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஸ்டியரிங்கை நேராக வைத்துச் சுற்றி வருதல் வேண்டும். சக்கரத்துக்கும் அதன்மேல் வளைந்த தகட்டுக்கும் இடையேயுள்ள வெளியை இருபுறமும் அளந்து ஒப்பிடுக. மோதிய சக்கரம் தன் குழியின் நடுவில் நில்லாது பின்னொதுங்கி நிற்பின், லோயர் ஆர்ம் வளைந்ததென ஐயுறலாம். முன் சக்கர நடுவினின்று பின் சக்கர நடுவுக்கு நாடாவால் அளந்து, இடப்புறத்து அளவை வலப்புறத்து அளவோடு ஒப்பிடுதலும் நன்று. இங்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. 1961-இல் வெளிவந்த ரெனோ 4 என்னும் பிரெஞ்சுக் காரில், பின்புற முறுக்குத் தண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடந்தமையால், இருபுற அளவுகளும் இயல்பாகவே வேறுபட்டிருந்தன. ஆதலின் எவ்வளவையும் அவ்வண்டியைச் செய்தோர் தந்த கணக்கோடு வைத்தே தீர்ப்பளித்தல் வேண்டும். கீழே குனிந்து, ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவும், அச்சின் ரப்பர் உறையில் கிழிசலும் உளவோ என்றும் நோக்குக.

டயரில் பழுதில்லை என்று துணிந்த பின்னரே வண்டியை ஓட்டிப் பார்த்தல் தகும். அதுவும் நேரிய, சமமான, வெறுஞ் சாலையில், மெல்லெனத் தொடங்குதல் வேண்டும். மழைநீர் வடியும்பொருட்டுச் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். இடப்புறம் ஓட்டும் நாட்டில் வண்டி சிறிதே இடப்புறம் நாடுதல் சாலையின் இயல்பேயன்றி வண்டியின் நோயன்று. ஓடும்பொழுது காணும் குறிகள் வருமாறு. வண்டி நேராகச் செல்ல, ஸ்டியரிங் வளையம் மட்டும் கோணி நிற்பின் டோ மாறியது. டை ராட் வளைந்திருத்தல் கூடும். வளையத்தைத் தளர்த்தியவுடன் வண்டி ஒருபுறம் இழுப்பின் கேம்பரோ காஸ்டரோ மாறியிருக்கலாம். டயரின் காற்றுக் குறைவும், பற்றிய பிரேக்கும் இதே குறியைத் தருமாதலால் அவற்றை முன்னரே சோதித்தல் வேண்டும். 80 கி.மீ. வேகத்தில் கார்ச் சக்கரம் வினாடிக்கு ஏறத்தாழ 11 அல்லது 12 முறை சுழல்கின்றது. அவ்வேகத்தை அணுகுங்கால் ஸ்டியரிங் நடுங்குமாயின், ரிம் வளைந்ததோ, அதில் ஒட்டிய நிறைச்சமக் கட்டி வீழ்ந்ததோ எனக் கொள்க. மேடு பள்ளங்களில் ‘டக்’கென்னும் ஒலி மூட்டும் புஷ்ஷும் தளர்ந்தமையைக் காட்டும். வேகத்தோடு வளரும் ரீங்காரம், ஒருபுறம் திரும்புகையில் மிகுமாயின், பெரும்பாலும் மறுபுறச் சக்கரத்தின் பேரிங் நசுங்கியதைக் காட்டும். திரும்பும்பொழுது பாரம் அச்சக்கரத்தின்மேற் சாய்வதே இதற்குக் காரணம்.

இதன்பின் வண்டியை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கியின்மேல் இருத்திச் சோதித்தல் உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின்கீழ்ச் செல்லுதல் உயிருக்கு இறுதியாகும். சக்கரத்தை மேலுங் கீழுமாகப் பற்றி ஆட்டுங்கால் அசைவு காணின் பால் ஜாயிண்டும் பேரிங்கும் ஐயத்துக்குரியன. இடமும் வலமுமாகப் பற்றி ஆட்டுங்கால் அசைவு காணின் டை ராடின் முனை ஐயத்துக்குரியது. ரிம்மின் ஓரத்தே ஒரு பென்சிலை அசையாது நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றுக. பென்சிலுக்கும் ரிம்முக்கும் இடையேயுள்ள வெளி விரிந்தும் சுருங்கியும் வருமாயின் ரிம் வளைந்தமை வெள்ளிடைமலை.

இத்துணையும் செய்த பின்னரே வீல் அலைன்மெண்ட் கருவியை நாடுதல் முறை. அங்கும் கருவியைத் திருத்தும் சாதனமாகக் கருதுமுன், சான்று கூறும் சாட்சியாகக் கொள்ளல் வேண்டும். ஸ்ட்ரட் அமைந்த கார்கள் பலவற்றில் முன்புறம் திருத்தக் கூடியது டோ ஒன்றே. கேம்பரும் காஸ்டரும் உறுப்புகளின் வடிவத்தாலேயே நிலைபெறுவன. திருத்த இயலாத கோணம் மாறியிருக்குமாயின், ஏதோ ஒன்று வளைந்தது அல்லது இடம் பெயர்ந்தது என்பதற்கு அதுவே சான்றாகும்.

எது வளைந்தது என்று துணிதற்கும் ஒரு நுண்ணிய வழி உண்டு. முன்னின்று நோக்குங்கால், ஸ்ட்ரட்டின் உச்சியையும் கீழுள்ள பால் ஜாயிண்டையும் சேர்க்கும் கோடு, வண்டியின் உட்புறம் நோக்கிச் சாய்ந்திருக்கும். அச்சாய்வோடு கேம்பரைக் கூட்டின் வருவது அடக்கக் கோணம். இஃது ஸ்ட்ரட்டும் நக்கிளும் இறுகப் பிணைந்த ஒரே துண்டினுள் அடங்கிய கோணமாதலால், அத்துண்டு வளைந்தாலன்றி மாறாது. எனவே, கேம்பர் மாறியும் அடக்கக் கோணம் மறுபுறத்ததோடு ஒத்திருப்பின், ஸ்ட்ரட்டும் நக்கிளும் குற்றமற்றன. லோயர் ஆர்மோ, அது பொருந்திய சட்டமோ பிறழ்ந்தது. அடக்கக் கோணமே மாறியிருப்பின், ஸ்ட்ரட்டோ நக்கிளோ வளைந்தது. இவ்வொரு கணக்கு, தேவையற்ற உறுப்பை வாங்கும் செலவையும் குற்றமுள்ள உறுப்பை விட்டுவிடும் இடரையும் ஒருங்கே தவிர்க்கும்.

மோதியது பின் சக்கரமாயின், முன்புறத்தை எத்துணைத் திருத்தினும் பயனில்லை. பின்னச்சு பிறழ்ந்த வண்டி, உடலை ஒருக்கணித்தபடி ஓடும். அதனை நேரே செலுத்த ஸ்டியரிங்கை எப்பொழுதும் சற்றே திருப்பிப் பிடித்தல் வேண்டும். ஆதலின் நான்கு சக்கரங்களையும் அளத்தலே நேர்மையான அளவு.

வளைந்த டை ராடின் மரையைத் திருகி டோவைச் சரிசெய்தல் எளிது, எண்களும் சரியாகும். ஆனால் அவ்வெண்கள் சக்கரம் நேராக நிற்கும் நிலையில் எடுத்தவை. திரும்புங்கால் உட்புறச் சக்கரம் வெளிப்புறச் சக்கரத்தினும் மிகுதியாகத் திரும்ப வேண்டும் என்னும் அமைப்பு, 1817-இல் ஜெர்மானியராகிய லாங்கன்ஸ்பெர்கர் கண்டு, 1818-இல் ஆக்கர்மன் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது. குதிரை வண்டிக்காகத் தோன்றிய அவ்வமைப்பே இன்றைய காருக்கும் அடிப்படை. உறுப்பு வளைந்தவிடத்து, நேர்நிலையில் சரியான கோணம் வளைவில் தவறும். வில் அமுங்கும்பொழுதும் தவறும். அன்றியும், ஒருமுறை வளைந்த எஃகு தன் பழைய வலிமையோடு நிற்கும் என்று நம்புதற்கில்லை. டை ராட் முறியுமாயின் சக்கரம் ஓட்டுவோர் கைக்கு அடங்காது தன் போக்கிற் செல்லும். அதனால்தான் ஸ்டியரிங் உறுப்புகளைக் காய்ச்சி நிமிர்த்தாது புதியன மாற்றுதல் விதியாயிற்று.

ஆகவே பட்டறைக்குச் செல்வோர் கேட்க வேண்டிய கேள்வி, “அலைன்மெண்ட் சரியாயிற்றா?” என்பதன்று, “எது மாறியிருந்தது, ஏன் மாறியது?” என்பதே. திருத்துமுன் எடுத்த அளவையும் திருத்தியபின் எடுத்த அளவையும் அச்சிட்டுத் தரும்படி கேட்டு, இரண்டையும் ஒப்பிட்டு நோக்குக. முன்னளவு நோயைச் சொல்லும். பின்னளவு மருந்தைச் சொல்லும். இடையே மாற்றிய உறுப்பு ஒன்றுமில்லையாயின், காரணம் இன்னும் வண்டிக்குள் இருக்கவுங் கூடும். அதனைத் தேடிக் கண்டபின் பயணம் புறப்படுதலே வண்டியில் உடன் அமர்வோர்க்கு நாம் செய்யத்தக்க கடமையாம்.