சிறைக்கூடமா, கடைவீதியா?
கஞ்சா விவாதத்தில் குடும்பங்கள் அறிய வேண்டியவை



கஞ்சாவைச் சட்டப்படி அனுமதிக்கலாமா, கூடாதா என்னும் விவாதம் உலகின் பல நாடுகளில் நடந்து வருகிறது. 2013-இல் உருகுவேயும் 2018-இல் கனடாவும் வயது வந்தோரின் பயன்பாட்டை அனுமதித்துச் சட்டம் இயற்றின. அவை நமக்குத் தொலைவான நாடுகள். ஆனால், நம்மவர்கள் நவரத்தின வணிகத்திற்காகப் பன்னெடுங்காலமாகச் சென்று வரும் தாய்லாந்து அவ்வாறன்று. அந்நாட்டு மக்களும் இச்செடியைக் ‘கஞ்சா’ என்றே அழைக்கின்றனர். இவ்விவாதத்தின் இரு கரைகளையும் ஏழு ஆண்டுகளுக்குள் தொட்டுவிட்ட அந்நாட்டின் அனுபவத்தைச் சற்றே சிந்திப்போம்.

மருந்தாக நுழைந்தது

2018 டிசம்பரில் தாய்லாந்து நாடாளுமன்றம் கஞ்சாவை மருத்துவத்திற்குப் பயன்படுத்த இசைவளித்தது. அனுமதி வேண்டும் என்றவர்களின் வாதங்களை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. வலியால் துடிக்கும் நோயாளிகளுக்கு நிவாரணம் கிடைக்கும் என்றனர்; ஏழை உழவர்களுக்கு வருவாய் பெருகும் என்றனர். அந்நாட்டுச் சிறைகளோ நிரம்பி வழிந்தன. கைதிகளில் பெரும்பாலோர் போதைப் பொருள் வழக்குகளில் சிக்கியவர்கள். சிறிதளவு கஞ்சாவுக்காக ஓர் இளைஞனைச் சிறையில் அடைப்பது அவனைத் திருத்துமா, கெடுக்குமா என்ற கேள்வியும் நியாயமானதே.

2022 ஜூன் 9 அன்று கஞ்சாச் செடி போதைப் பொருள் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. மூவாயிரத்திற்கும் மேற்பட்ட கைதிகள் விடுதலை பெற்றனர். அப்போதைய சுகாதார அமைச்சர் அனுதின் சார்ன்விரகுல், பத்து லட்சம் கன்றுகளை வீடுகளுக்கு இலவசமாக வழங்கும் திட்டத்தை அறிவித்தார். மருத்துவத்திற்கே அனுமதி, கேளிக்கைக்கு அன்று என்பதே அரசின் விளக்கம்.

நடந்தது என்ன?

கதவு திறக்கப்பட்ட அன்று காவலுக்குரிய விதிகள் ஆயத்தமாக இல்லை. இருபது வயதுக்குட்பட்டோர், கருவுற்ற தாய்மார்கள், பாலூட்டும் அன்னையர் ஆகியோருக்கு விற்கலாகாது என்னும் ஆணை, ஒரு வாரம் சென்ற பின்னரே வெளியாயிற்று. இயந்திரம் மூலமும் இணையவழியிலும் விற்பதற்கான தடை, அவ்வாண்டு நவம்பரில்தான் வந்தது. இத்துறை முழுமையையும் நெறிப்படுத்தும் மசோதாவோ, 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் கலைக்கப்படும் வரை நிறைவேறவேயில்லை.

வணிகம் அதுவரை காத்திருக்குமா? பாங்காக் வீதிகளிலும் சுற்றுலாத் தலங்களிலும் ஆயிரக்கணக்கான கடைகள் முளைத்தன. தின்பண்டங்களிலும் பானங்களிலும் கூடக் கஞ்சா கலந்து விற்கப்பட்டது. நோயாளிக்கென்று சொல்லப்பட்ட பொருள், நோயற்றவர்களின் கேளிக்கையாயிற்று.

இறுதியில் 2025 ஜூன் மாதம், மருத்துவச் சீட்டு இன்றிக் கஞ்சாப் பூவை விற்கலாகாது என்று அரசு ஆணையிட்டது. அதற்குள் இத்தொழிலில் முதலிட்ட சிறு வணிகர்களும் உழவர்களும் திகைத்து நின்றனர். அனுமதியால் பயன்பெறுவர் எனப்பட்ட எளியோரே அலைக்கழிக்கப்பட்டனர்.

மருந்து வேறு, மயக்கம் வேறு

‘மருந்துதானே?’ என்று கேட்போர் நம் இளைஞர்களிலும் உண்டு. அவர்களுக்குத் தெளிவாக விடை கூறும் கடமை நமக்கிருக்கிறது. கஞ்சாவில் உள்ள கன்னபிடையால் என்னும் பொருளிலிருந்து தயாரித்த மருந்தை, குழந்தைகளின் கடுமையான வலிப்பு நோய்கள் சிலவற்றிற்காக அமெரிக்கா 2018-இல் அங்கீகரித்தது. அப்பொருள் போதை தருவதன்று. அளவறிந்து, மருத்துவரின் கண்காணிப்பில் தரப்படுவது. கடையில் வாங்கிப் புகைப்பதற்கும் அதற்கும் என்ன தொடர்பு? போதை தரும் பொருளோ வளரிளம் பருவத்தினரின் நினைவாற்றலையும் கவனத்தையும் பாதிக்கிறது. சிலருக்கு மனச்சிதைவு நோய்க்கும் வழி கோலுகிறது.

நம் முன்னோர்களான ஆலிம்களுக்கு இவ்விவாதம் புதியதன்று. ஹிஜ்ரி 794-இல் மறைந்த இமாம் பத்ருத்தீன் ஸர்கஷீ அவர்கள், இச்செடியின் போதை ஹராம் என்பதை நிறுவத் தனி நூலே இயற்றினார்கள். நோயுற்ற உறுப்பைத் துண்டிக்கும்போது அறிவை மயக்கும் மருந்தைத் தரலாமா என்பதையும் ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் ஆராய்ந்துள்ளன. அறிவைக் காக்க வேண்டும் என்பதே அடிப்படை. நோயாளியின் இன்றியமையாத் தேவை விதிவிலக்கு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாததே அவர்களின் நுட்பம்.

அயல்நாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு

தாய்லாந்துக்கு அண்டையிலுள்ள மலேசியாவில், 200 கிராம் கஞ்சா வைத்திருந்தாலே கடத்தல்காரர் என்று சட்டம் அனுமானிக்கிறது. 2023-இல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்ட பின்னரும், மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் நீதிபதிகளிடம் உள்ளது. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் போதைப் பொருள் உட்கொண்டிருந்தாலும், தாய்நாட்டில் தண்டிக்கப்படலாம். ‘அங்கே அனுமதி உண்டு’ என்று நண்பன் நீட்டும் ஒரு மிட்டாய், எல்லையைக் கடந்ததும் குற்றமாகிவிடும். பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதும்போதும் தொலைபேசியில் பேசும்போதும் இதனை அவசியம் எடுத்துரையுங்கள்.

மூன்றாவது வழி

சகோதர சகோதரிகளே! சிறையில் அடை என்கிறது ஒரு தரப்பு. கடையில் விற்கவிடு என்கிறது மற்றொரு தரப்பு. ஏற்கெனவே அடிமைப்பட்டுவிட்ட ஒரு மகனின் தாய்க்கு இவ்விரண்டில் எது ஆறுதல் தரும்? அவளுக்கு வேண்டியது சிகிச்சை.

நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டுப் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்திலேயே அதற்கொரு வாசல் உண்டு. போதையை உட்கொண்ட குற்றத்திற்கோ, சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திற்கோ உள்ளான அடிமை நோயாளி, அரசின் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவ நிலையத்தில் தானே முன்வந்து சிகிச்சை பெற்றால், 64-ஏ பிரிவு அவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பளிக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அப்பாதுகாப்பு பறிபோகலாம். இவ்வாசலை அறியாமல், ‘வெளியே தெரிந்தால் மானம் போகும், பெண் மக்களின் திருமணம் தடைப்படும்’ என்று அஞ்சி மறைக்கும் பெற்றோர் எத்தனை பேர்! மறைக்கும் ஒவ்வொரு மாதமும் நோய்தான் முற்றுகிறது.

ஜமாஅத் நிர்வாகிகளே! பாவத்தைக் கண்டிப்பது நம் கடமை. பாவத்தில் வீழ்ந்தவனைக் கைதூக்கி விடுவதும் நம் கடமையே. மஹல்லாவிலுள்ள மருத்துவர் ஒருவரையும் வழக்கறிஞர் ஒருவரையும் அழைத்து, பெற்றோர் தயக்கமின்றித் தனிமையில் ஆலோசனை பெற வழி செய்யுங்கள். அத்தாய் வந்து கதவைத் தட்டும்போது, அவள் சொன்னது வெளியே போகாது என்ற உறுதியை முதலில் அளியுங்கள்.

வல்ல நாயன் அல்லாஹ் நம் சந்ததியரின் அறிவையும் ஆரோக்கியத்தையும் காத்தருள்வானாக! ஆமீன்.