புதிய வீட்டில் குரைக்கும் நாய்

களத்தையும் தொழுவத்தையும் காக்கும்பொருட்டு இராஜபாளையம், கோம்பை முதலிய ஜாதி நாய்களை வளர்ந்த பின் விலைக்கு வாங்குவோர் உண்டு. வந்த புதிதில் அவற்றுள் சில இரவெல்லாம் ஓயாமல் குரைக்கும். இது பெரும்பாலும் கெட்ட சுபாவமன்று; பழகிய மனிதரையும் இடத்தையும் பிரிந்த அச்சமே காரணமாகும்.

இதனை அறியாது நாயை அடிப்பது பெருந்தவறு. அடிப்பதால் அச்சம் நீங்காது. எச்சரிக்கை செய்வதை மட்டும் விட்டு, சப்தமின்றிக் கடிக்கத் தலைப்படவுங்கூடும். குழந்தைகளுக்கும் பண்ணையாட்களுக்கும் இதனால் அபாயம் பெரிது.

செய்யத்தக்கன பின்வருமாறு: நாய் முன்பு படுத்திருந்த சாக்கை உடன் கொண்டுவர வேண்டும். முதல் 2 வாரங்கள் ஒருவரே குறித்த வேளையில் உணவளிக்க வேண்டும். இரவில், தெருவில் போவோர் அதன் கண்ணிற் படாதபடி, மனிதர் படுக்குமிடத்திற்கு அருகில் கட்டுதல் நலம். காலையிலும் மாலையிலும் கயிற்றில் பிடித்துச் சென்று களம், கிணறு, மாடுகள் ஆகியவற்றைப் பழக்க வேண்டும். குரைக்கும்போது உணவு எறியலாகாது. ஓய்ந்தவுடன் ஒரு கவளம் அளித்துத் தடவிக்கொடுக்க வேண்டும்.

குரல் கம்முதல், உமிழ்நீர் வடிதல், விழுங்க இயலாமை ஆகியன காணின் வெறிநோயென ஐயுற்று, எவரும் நெருங்காமல் உடனே கால்நடை மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும். தடுப்பூசி போட்ட நாயையே வாங்குக.

பொறுமையுடன் பழக்கினால் பெரும்பாலான நாய்கள் சில வாரங்களில் அமைதியுறும். அதன் பின்னும் அன்னியர் வருகையில் குரைப்பின் தடுக்க வேண்டா. அதற்காகவே நாயை வாங்கினோம்.