பள்ளத்தாக்கின் மேலே ஒரு வீதி

ஒஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் இடையே அல்ப்ஸ் மலைகள் குறுக்கிடுகின்றன. அவற்றைக் கடக்கும் வழிகளுள் பிறென்னர் கணவாய் தாழ்வானவற்றில் ஒன்று. கடல்மட்டத்திலிருந்து அதன் உயரம் சுமார் 1,370 மீற்றர். உரோமர் காலந்தொட்டு வணிகரும் யாத்திரிகரும் படைகளும் இவ்வழியே சென்றிருக்கிறார்கள். பழைய வீதி மலைச்சரிவுகளில் வளைந்து ஏறி இறங்கி, ஊர்களின் நடுவே சென்றது. இரண்டாம் உலக யுத்தத்தின் பின் லொறிகளும் கார்களும் பெருகியபோது அந்த வீதி தாங்கவில்லை.

எனவே புதிய நெடுஞ்சாலை ஒன்று திட்டமிடப்பட்டது. இன்ஸ்புறூக் நகருக்குத் தெற்கே சில் என்னும் ஆறு ஆழமான பள்ளத்தாக்கில் ஓடுகிறது. வீதி பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறாமல், நேரே மேலாகச் செல்வதற்கு 1959இல் பாலவேலை தொடங்கியது. 1963 நவம்பரில் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு ‘ஐரோப்பாப் பாலம்’ என்று பெயரிட்டார்கள். ஆற்றிலிருந்து வீதி 190 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. எட்டு, ஒன்பது பனைகளை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினால் வரக்கூடிய உயரம் அது.

எப்படி நிற்கிறது?

இவ்வளவு பெரிய பாலமாயினும் அதன் தத்துவம் நாம் அறிந்ததே. வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு பனைக்குற்றியைப் போட்டு நடக்கிறோம். நடுவில் நிற்கும்போது குற்றி சிறிது தாழ்கிறது. அப்போது அதன் மேற்பக்கம் நெருக்கப்படுகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. இந்த நெருக்கத்தையும் இழுவையையும் தாங்கும் வரை குற்றி முறியாது. இதுவே வளைப் பாலம்.

வீட்டுக் கூரைக்கு வளை போடும் தச்சர் மரத்தைத் தட்டையாகப் படுக்க வைப்பதில்லை. விளிம்பில் நிறுத்தியே வைப்பார். ஆழம் இரட்டித்தால் மரம் வளையாமல் நிற்கும் திறன் எட்டு மடங்காகும் என்பதை அவர் அனுபவத்தால் அறிவார். ஐரோப்பாப் பாலத்தின் வளையும் இவ்வாறே ஆழமானது. ஆனால் அது முழுக்கட்டி அன்று. உருக்குத் தகடுகளால் செய்த, உள்ளே வெறுமையான நீண்ட பெட்டி. மூங்கிலைப்போல, பாரம் குறைவு, உறுதி அதிகம்.

657 மீற்றர் நீளமான இந்த வளையை ஐந்து கொங்கிறீற்றுத் தூண்கள் தாங்குகின்றன. அவையும் உள்ளே வெறுமையானவை. மிக உயர்ந்த தூண் 146 மீற்றருக்கும் மேலானது. ஆற்றுக்கு மேலாக உள்ள நடு இடைவெளி மட்டும் 198 மீற்றர்.

உருக்கு வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். 50 பாகை வெப்ப மாற்றத்தில் இந்த நீளத்துக்கு ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர் வேறுபாடு வரும். இறுக்கிக் கட்டினால் பாலம் பிளந்துவிடும். ஆகையால் அசைவதற்கு இடம் விட்டே கட்டியிருக்கிறார்கள்.

விலை கொடுத்தவர்கள்

இந்தப் பாலம் கட்டும்போது 22 தொழிலாளர் உயிரிழந்தனர். அவர்களின் நினைவாகப் பாலத்தருகே ஒரு சிற்றாலயம் எழுந்தது. 1964இல் கார்ள் பிளாற்னர் என்னும் ஓவியர் அதன் சுவர்களில் ஓவியம் தீட்டினார். விரைந்து செல்லும் வாகனங்களில் உள்ளோர் பலர் அதைக் காண்பதில்லை.

பள்ளத்தாக்கில் வாழ்வோருக்குப் பாலத்தால் நன்மையும் உண்டு, தொல்லையும் உண்டு. பழைய வீதியின் நெரிசல் முதலில் குறைந்தது. ஆனால் வீதி அகன்றதும் வாகனங்களும் பெருகின. அண்மைய ஆண்டுகளில் பிறென்னர் வழியே வருடத்துக்கு 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட லொறிகள் சென்றுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை அந்த ஊர்களில் எதையும் இறக்குவதுமில்லை, ஏற்றுவதுமில்லை. இரைச்சலும் புகையும் மட்டும் பள்ளத்தாக்கில் தங்குகின்றன.

மக்கள் பேசாதிருக்கவில்லை. 1998 யூன் 12, 13ஆம் திகதிகளில், முன்கூட்டியே அறிவித்து, பிறென்னர் நெடுஞ்சாலையை மறித்து அமைதியாகக் கூடினர். நட்டமடைந்ததாகக் கூறிய ஒரு போக்குவரத்து நிறுவனம் ஒஸ்திரிய அரசுமீது வழக்குத் தொடுத்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது: பொருட்கள் தடையின்றிச் செல்வது முக்கியம்; ஆயினும் மக்கள் தம் கருத்தைச் சொல்லக் கூடும் உரிமையை மதித்து அரசு இடமளித்தது தவறன்று. இன்று அதே மலையின் அடியில், லொறிகளின் சுமையைப் புகையிரதத்துக்கு மாற்றும் நோக்குடன், 55 கிலோமீற்றர் நீளமான சுரங்கப்பாதை அமைக்கப்பட்டு வருகிறது.

நாம் சிந்திக்க

காணியையும் கிணற்றையும் விட்டு வந்த எமக்கு, வீதி என்றால் நம்பிக்கை. விளைபொருள் சந்தைக்குப் போவதும், நோயாளி வைத்தியசாலைக்குப் போவதும் வீதியால்தான். ஆயினும் ஒரு பாலத்தின் பெருமையை மேலே நின்று மட்டும் அளக்கலாகாது. கீழே நின்றும் பார்க்க வேண்டும். எமது ஊருக்கு அல்லது குடியேற்றத்துக்கு ஒரு பெருந்திட்டம் வரும்போது, சங்கத்தில் கூடி இவற்றைக் கேட்போம்:

1. இந்த வீதியிலிருந்து எமது வயலுக்கும் சந்தைக்கும் இறங்கும் வழி எங்கே?

2. யாருடைய காணி, யாருடைய நீரோட்டம் பாதிக்கப்படும்? ஈடு என்ன, எப்போது கிடைக்கும்?

3. வேலை செய்வோரின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?

4. திட்டம் முடிவாகுமுன் எமது சொல்லை யார் கேட்பார்?

வேலை தொடங்குமுன் கேட்டால் வரைபடத்தை மாற்றலாம். தூண் எழுந்தபின் கேட்டால் மாற்றுவது அரிது.